ஐந்து பவுண்டு காற்று

குகையில் லத்தீஃபின் ஷெட்.
கழற்றிப்போட்ட லாரிக் கதவுதான் மேசை.
அதன்மேல் மூன்று படங்கள்,
பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின்மேலும் ஒரு நட்டு.

மயக்க மருந்து கொடுப்பது என் வேலை.
பிறர் மார்புக்குள் காற்றை அனுப்பியே
பன்னிரண்டு வருஷம் பிழைத்திருக்கிறேன்.
ஓர் எஞ்சின் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று
எனக்குத் தெரியாதா என்ன
என்று நினைத்துத்தான் வந்தேன்.
தெரியவில்லை.

வண்டி சான் ஸ்டார்ம். சிவப்பு. இரண்டே இருக்கை.
பார்த்தால் சிறுத்தை,
மிதித்தால் மாவு மில்.
போன மார்கழியில் அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி
ஆறாவது கொண்டை ஊசியில்
பால் கேன் கட்டிய பைக் ஒன்று என்னை முந்திப் போனது.
ஓட்டியவர் திரும்பிப் பார்த்தார்.
சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை,
பரிதாபப்பட்டார்.

முதல் படம் சென்ட்ரிஃப்யூகல்.
நத்தை ஓடு மாதிரி, மூன்றில் இதுதான் அழகு.
"ஆறாயிரம் ஆர்பிஎம் தாண்டட்டும், அப்புறம் பாருங்க டாக்டர்."
தாண்ட எனக்கு ரோடு எங்கே?
ஓமலூர்ப் பக்கம் போனால் உண்டு.
என் ரோடு இருபது வளைவு,
இரண்டாம் கியர், எதிரே பஸ்.

அடுத்தது ட்வின் ஸ்க்ரூ.
இரண்டு திருகுகள் ஒன்றையொன்று தழுவிக்கொண்டே
நடுவில் மாட்டிய காற்றை நெரித்துத் தள்ளும்.
விலையைச் சொல்லிவிட்டு லத்தீஃப்
ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார்.
துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ரூட்ஸ்.
ஏதோ சின்ன ஜப்பான் காரிலிருந்து உருவியது,
டிபன் கேரியர் அளவு.
காற்றைச் சூடாக்கும், பெல்ட்டைத் தின்னும்,
ஆனால் காலை வைத்ததும் வந்து நிற்கும்.
"கொஞ்சம் முனகும்" என்றார்.
முனகட்டும்.
முனகுகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.
முனகாதவர்களைத்தான்
இரவு இரண்டு மணிக்கு எழுந்துபோய்ப் பார்க்கிறேன்.

பூஸ்ட் எவ்வளவு என்பதில்தான் சண்டை.
பத்து வைக்கலாம் என்றான் வெல்டிங் தினகர்,
தலையை நிமிர்த்தாமலே.
பத்து வைத்தால்,
மேக்னசைட் குன்று வெள்ளையாய்க் கண்ணைக் குத்தும் மே மாத மதியத்தில்
பெட்ரோல் தன் முறை வருமுன்னே வெடிக்கும்.
பிஸ்டன் தலையில் யாரோ சுத்தியலால் தட்டுவார்கள்.

பயிற்சிக் காலத்தில்
கொஞ்சம் கூடுதலாக ஊதிவிட்டேன், ஒரே ஒரு முறை.
நுரையீரல் கிழிந்ததற்குச் சத்தமே இல்லை.
ஆள் பிழைத்துக்கொண்டார்.
இரண்டாவது நாள் எனக்கு ஆரஞ்சு கொடுத்தார்.
இதை தினகரிடம் சொல்லவில்லை.
"பத்து வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன்.
குரல் ஏன் உயர்ந்தது என்று அவனுக்குப் புரிந்திருக்காது.

லத்தீஃப் ஷட்டரில் சாக்பீஸால் கணக்குப் போட்டார்.
சேலத்தில் காற்று பதினாலு சொச்சம்.
ஏற்காட்டு ஏரிக்கரையில் பன்னிரண்டு சொச்சம்.
"மலை ரெண்டை எடுத்துக்குது டாக்டர்.
அதைத் திருப்பிக் கொடுத்துட்டு மேல ஒரு மூணு."
ஐந்தின்கீழ் இரண்டு கோடு இழுத்தார்.
இத்தனை வருஷம் ஏறியும்
அந்த மலை என்னிடமிருந்து எதையாவது எடுக்கிறது என்று
எனக்குத் தோன்றியதே இல்லை.
குளிர்ச்சியைக் கொடுப்பதாகத்தான் நினைத்திருந்தேன்.

மூன்று வாரம். இரண்டு கேஸ்கெட். ஒரு தப்பான புல்லி.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி.
மூன்றாம் வளைவில் முனக ஆரம்பித்தது.
பிள்ளைத்தாய்ச்சி மாதிரி இல்லை,
பக்கத்து வீட்டு மிக்ஸி மாதிரி.
எட்டாம் வளைவில் அரசுப் பஸ் ஒன்று முன்னால்,
கூரையில் நாற்காலி கட்டிக்கொண்டு.
எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று.
அடைத்துவைத்த காற்றெல்லாம் காலடியில் காத்திருக்க
டீசல் புகையை மூச்சிழுத்துக்கொண்டு நானும்.

பதின்மூன்றில் கண்டக்டர் ஜன்னல் வழியே கை நீட்டி
போ என்றார்.
மிதித்தேன்.
பஸ், நாற்காலி, கை, ஒரு சில்வர் ஓக், இன்னொன்று
எல்லாம் கண்ணாடிக்குள் போயின.

மானி நாலரை காட்டியது.
மீதி அரையை யார் வைத்திருக்கிறார் என்று
லத்தீஃபைக் கேட்கவேண்டும்.